ஐந்து வண்ணப் பாதுகாப்பு

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை, மொன்டானா மாநிலத்தில் எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்கியது.

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. பிறகு சற்று இளைப்பாறிவிட்டு, துப்பாக்கிக்கு ஐந்து நிறத்தில் செராமிக் பூச்சு அடித்து அடுப்பில் சுடக் கற்றுக்கொண்டது. இந்த மூன்றாவது சாதனையில் ஹார்லன் ட்வெட்டுக்கும் பங்கு உண்டு.

துப்பாக்கி அவனுடைய மாமனாருடையது. லீவரைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் பழைய ரகம். நாற்பது வருடம் உள்ளங்கை பட்டு இரும்பு வெளுத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் ஆண்டுக்கொரு எல்க் கொண்டுவந்தார் என்பது உண்மையே. ஆனால் அவருக்கு விஞ்ஞானம் தெரியாது. அவர் போன பின் மூன்று பருவங்கள் ஹார்லன் வெறுங்கையோடு திரும்பினான். வீட்டு ஃப்ரீசரில் பட்டாணி மட்டும் இருந்தது. இந்த வருடமும் இப்படியே என்றால் துப்பாக்கி தன் தம்பி டெல்லுக்குப் போய்விடும் என்று மனைவி கோரின் தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

குறை எதில் என்று ஹார்லன் நெடுநேரம் யோசிக்கவில்லை. துப்பாக்கியில்தான்.

பூச்சுக் கடைக்காரர் ராய்ஸ் அவனுக்கு முக்கால் மணி நேரம் ‘வண்ண ஆலோசனை’ வழங்கினார்.

“எந்தச் சரிவுல உக்காருவீங்க சார்?”

ஹார்லன் சரிவின் புகைப்படங்களை நீட்டினான். ராய்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“இது வெறும் புல்லு இல்ல. செத்த புல்லு. அதுக்குத் தனி நிறம் இருக்கு.”

செத்த புல், சேஜ் புதர், பாறைப் பாசி, ஈர மண், பழைய எலும்பு. ஐந்தும் சேர்ந்தன. உடன் வந்த அட்டையில் இரண்டு வாக்குறுதிகள்: முப்பதடிக்கு அப்பால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது; பத்து வருடம் துரு அண்டாது.

கோரின் துப்பாக்கியையும், வேட்டைக்காரர்கள் சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சு மேற்சட்டையில் நின்ற கணவனையும் பார்த்தாள்.

“ரெண்டு மைல்ல இருந்தே நீ தெரியற. கையில இருக்கறது தெரியல. மான் என்ன நினைக்கும்? யாரோ சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கான்னு நினைக்கும்.”

“அதுதான் உத்தி,” என்றான் ஹார்லன்.

மூன்றாம் நாள் காலை அவன் துப்பாக்கியைப் புல்லில் கிடத்திவிட்டு, இருபது தப்படி தள்ளி ஒரு பாறை மறைவில் ஒதுங்கினான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு திரும்பியபோது, சரிவில் ஆறு கிளைக் கொம்போடு ஓர் எல்க் நின்றது. ஹார்லன் தவழ்ந்து போய்க் கையை நீட்டினான். புல் அகப்பட்டது. இன்னும் நீட்டினான். சேஜ் புதர். எல்க் நான்கு நிமிடம் பொறுமையாக இருந்து பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த மேட்டிலிருந்து டெல் இறங்கி வந்தான்.

“என்ன மச்சான், பூ பறிக்கிறீங்களா?”

“துப்பாக்கியத் தேடறேன்.”

டெல்லும் புல்லைக் காலால் அளைந்தபடி வந்தான். பத்தடி வந்ததும் நின்றான்.

“தோட்டா போட்டிருக்கா?”

“ஆமா.”

டெல் அதற்குமேல் காலை எடுத்து வைக்கவில்லை.

“என் அப்பா அதை மரத்துல சாத்தி வெச்சிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்குவாரு. எந்திரிச்சா மரமும் இருக்கும், துப்பாக்கியும் இருக்கும்.”

பதினொரு நாள் தேடினார்கள். பன்னிரண்டாம் நாள் பனி விழுந்தது. ஹார்லன் கடைக்குக் கடுமையான புகார் எழுதினான்: “வைத்தவன் நானே. வைத்த இடமும் எனக்குத் தெரியும். எதிரிலேயே நின்று பார்த்தும் தெரியவில்லை.”

ராய்ஸ் அதைச் சட்டமிட்டு, கடையின் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அந்த வாரம் ஒன்பது பேர் பூச்சுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

தீர்ப்பின்படி துப்பாக்கி டெல்லுக்குச் சேர்ந்தது. ஏப்ரலில் பனி உருகியதும் அவன் மூன்று முறை போய்த் தேடினான், கிடைக்கவில்லை. துரு மட்டும் இன்னும் ஒன்பதரை வருடத்துக்குப் பிடிக்காது.