அறுபத்து நான்கு உறைகள்

கீழே டயர் கடை. மேலே மாடி. மாடிப்படி முழுக்கச் செருப்புகள். எல்லாம் படித்த செருப்புகள். கணிதத்தில் முதுகலை, புள்ளியியலில் தங்கப் பதக்கம், பொறியியலில் முதல் வகுப்பு. காலை ஆறு மணிக்கே வரிசை கட்டிவிடும். கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதற்கு முன்னால் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, ஓட்டை எங்கே என்று பார்ப்பார். அவரைத் தாண்டி மேலே போகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மேலே இருப்பவர் நிகழ்தகவு அய்யா.

வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே கனவு: டிரேடிங் கம்பெனி வேலை. ஊரார் பணத்தை வாங்காமல், தன் சொந்தப் பணத்தையே சந்தையில் போட்டு வாங்கி விற்கிற கம்பெனிகள் அவை. சம்பளத்தைச் சொன்னால் “வருஷத்துக்கா?” என்பார்கள். “மாசத்துக்கு” என்றதும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் வாசலிலேயே வடிகட்டல். எட்டு நிமிடத்தில் எண்பது மனக்கணக்கு. அதற்குப் பிறகு, காசு சுண்டினால் என்ன, பகடை உருட்டினால் என்ன, எவ்வளவு பந்தயம் கட்டுவாய், எத்தனை சதவீதம் நிச்சயம், ஏன் அத்தனை நிச்சயம் என்று ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு குடைவார்கள். எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாத ஆள் யார் என்று கண்டுபிடிக்கிற தேர்வு அது. அதற்குத் தயாராவதற்காகத்தான் இவர்கள் அய்யாவின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

அய்யாவுக்கு முன்னால் செப்புக் கிண்ணம், தண்ணீருக்குள் மூன்று பகடை. முதுகுக்குப் பின்னால் பெரிய கணினித் திரை. சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே பதிவுதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்பதை நாற்பது நிமிடம் பார்த்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். கண்தான் மூடியிருக்கிறதே.

ஒரு அணிக்கு அறுபத்து நான்கு பேர்.

“அதென்ன அய்யா, அறுபத்து நாலு?”

“சந்தைக்குப் பிடிச்ச எண்.”

கேட்டவர் பயபக்தியோடு தலையாட்டினார். எண்களைப் பற்றி ஏழு வருடம் ஆராய்ச்சி செய்தவர் அவர்.

ஒவ்வொரு தேர்வுக்கும் முதல் நாள் ஆளுக்கொரு ஒட்டிய உறை தருவார் அய்யா. உள்ளே ஒரே சொல். ‘காசு’ அல்லது ‘பகடை’. மறுநாள் மனக்கணக்கு முடிந்ததும் வரப்போகும் முதல் கேள்வி எதைப் பற்றியது என்பதன் முன்னறிவிப்பு. விதிகள் மூன்று. தேர்வு முடிந்த பிறகே பிரிக்க வேண்டும். தனியாகப் பிரிக்க வேண்டும். உள்ளே இருந்ததை எவரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. பலிக்கவில்லையென்றால்? உன் மனசில் அழுக்கு. அழுக்குள்ளவனின் பெயர் அன்று மாலையே அய்யாவின் போன் குழுவிலிருந்து காணாமல் போகும். அவனும் வெட்கப்பட்டு வாயைத் திறக்க மாட்டான்.

இந்தக் குழுவில் கடைசிவரை காணாமல் போகாத நான்கு சுத்த மனசுக்காரர்களில் ஒருவன் நம்ம அண்ணன். தங்கைக்கு அண்ணன் என்பதால் நமக்கும் அண்ணன். தங்கை ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவு. தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பிப் போட்டுத் தையல் பார்ப்பவள். வீட்டுச் செலவு அவள் சம்பளத்தில். அண்ணன் இரண்டு வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தான்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் எட்டு நிமிடம் மணி பார்த்து, அவன் போட்ட எண்பது கணக்கையும் திருத்துவாள். தப்பானதை மட்டும் சரியான விடையோடு சிவப்பு மையில் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். அதற்குப் பெயர் தப்பு நோட்டு. அவன் எங்கெங்கே சறுக்குவான் என்பது முழுவதும் உலகத்திலேயே தப்பு நோட்டில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, நோட்டு எங்க?”

“பையில.”

“பையில எதுக்கு? வெள்ளிக்கிழமை உனக்குக் கடைசிக் கம்பெனி. இத விட்டா அடுத்த வருஷம்தான். எடு வெளிய.”

“இனிமே கணக்குப் போட வேண்டாம். அய்யா அஞ்சாவது உறை தரப் போறார். இது மத்ததுமாதிரி இல்ல. முன்னாடியே பிரிக்கலாம். முழுக் கேள்வியும் இருக்கும். நாலு பேருக்கு மட்டும்தான்.”

“சும்மாவா தர்றார்?”

“தப்பு நோட்டைக் கேட்டார்.”

கடிகாரத்தைக் கீழே வைத்தாள்.

“எதுக்காம்?”

“நானே படிச்சு ஜெயிப்பேங்கிற ஆணவம் அதுலதான் இருக்காம். தண்ணியில கரைச்சாத்தான் உறை திறக்குமாம். போன மாசம் எழுதி முடிஞ்ச பழைய தப்பு நோட்டு ரெண்டையும் அப்படித்தான் கரைச்சார்.”

“நீ கரைச்சதப் பாத்தியா?”

“பாக்கணும்னு என்ன இருக்கு?”

“அண்ணா, இதுவரைக்கும் நாலு கம்பெனிக்குப் போன. நாலு உறையும் தேறிச்சு. நீ எத்தனையில தேறின?”

அவன் சட்டைப் பொத்தானைத் தடவினான்.

“அது வேற. உனக்கு நிகழ்தகவு தெரியாது. குருட்டாம்போக்குல நாலு தடவை சரியா வர்றதுக்குப் பதினாறுல ஒரு வாய்ப்புதான். அப்ப அய்யாகிட்ட சக்தி இருக்கிறதுக்கு எத்தனை சதவீதம்னு நானே கணக்குப் போட்டுப் பாத்தேன்.”

“என்ன வந்துச்சு?”

“தொண்ணூத்து மூணு புள்ளி ஏழு அஞ்சு.”

புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம். மூடன் என்றால் முழு எண்ணோடு நிறுத்தியிருப்பான்.

“எங்க கம்பெனியில சூப்பர்வைசர் நல்ல பீஸா நாலு எடுத்து மேல வச்சுக் காட்டுவான்” என்றாள் தங்கை. “நான் சீல் போட மாட்டேன். ரிஜெக்ட் பெட்டி எங்கடான்னு கேப்பேன். உன் அய்யாவோட ரிஜெக்ட் பெட்டி எங்க?”

“எல்லாத்தையும் சட்டையாவே பாரு.”

“பாக்குறேன். நாளைக்கு எனக்கு லீவு. நோட்ட நானே கொண்டாந்து தர்றேன். பாதி எழுத்து என்னோடது. அப்ப பாதி ஆணவமும் என்னோடதுதானே.”

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மாடியில் கூட்டம். புதிய அணி. அறுபத்து நான்கு பேர் மடியிலும் ஒட்டிய உறை. மறுநாள் அவர்களுக்கு முதல் தேர்வு. ஒவ்வொருவர் கையிலும் ‘அருள் குறிப்பு’ என்று அட்டை போட்ட ஒரு ஜெராக்ஸ் புத்தகமும் இருந்தது. காணிக்கை கொடுத்தவர்களுக்கு மட்டும்; கொடுக்காதவர் யாரும் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“பதினேழை இருபத்து மூணால பெருக்கினா முந்நூத்துத் தொண்ணூத்து ஒண்ணு. மோட்டாரை நிறுத்து. பதினெட்டை இருபத்து நாலால பெருக்கினா…”

“நடுவுல அதென்னம்மா?” என்றாள் தங்கை.

“ஆறாம் பக்கத்து உபதேசம் அக்கா. மனசுங்கிற மோட்டாரை நிறுத்தினாத்தான் எண்கள் தெளியும். அய்யா மூணு நாள் விளக்கம் சொன்னார்.”

தங்கை புத்தகத்தை வாங்கி ஆறாம் பக்கத்தைப் பார்த்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

“தொட்டி நிரம்பிடுச்சும்மா. அண்ணன் கணக்குலயே உக்காந்திருந்தான். அதான் ஓரத்துல எழுதி நீட்டினேன்.”

அண்ணன் எட்டிப் பார்த்தான். கரைந்துபோன பழைய நோட்டு, கரையாமல், அறுபத்து நான்கு பிரதிகளாக அறை முழுக்க உட்கார்ந்திருந்தது.

“ஏதாவது காரணம் இருக்கும்” என்றான் மெதுவாக. பக்தி அவ்வளவு சீக்கிரம் பஞ்சராகாது.

அய்யா கண்ணைத் திறந்தார். “யாரும்மா நீ? நோட்டு கொண்டாந்தியா?”

“கொண்டாந்திருக்கேன் அய்யா. குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நாளைக்கு இவங்க எல்லாருக்கும் ஒரே கம்பெனிதானே?”

“ஆமா.”

“ஒரே கேள்வித்தாள்?”

“ஒரே தாள்தான்” என்றார்கள் பத்துப் பேர். அதில் ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

“அப்ப எல்லா உறையிலயும் ஒரே சொல்தான் இருக்கணும்” என்றாள் தங்கை. “எங்க கம்பெனியில பண்டலப் பிரிக்காம சீல் போட மாட்டோம். பிரிங்க.”

அறுபத்து நான்கு பேரும் மடியிலிருந்த உறையைக் குனிந்து பார்த்தார்கள்.

“பிரிச்சா பலிக்காது” என்றார் அய்யா. குரலில் சந்தை கொஞ்சம் இறங்கியிருந்தது.

“பிரிக்க வேண்டாம் அய்யா. அவங்க வேலை எதுக்குக் கெடணும். நீங்க வாயால சொல்லிடுங்க. நாளைக்குக் காசா, பகடையா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ஒரே ஒரு சொல்.”

அய்யா அவளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அந்த நொடியே மௌன விரதம் பூண்டார். பக்கத்திலிருந்த சிலேட்டை எடுத்து, ‘இன்று நான் பேசும் நாள் அல்ல’ என்று எழுதிக் காட்டினார்.

“சிலேட்டுலயே எழுதுங்களேன்” என்றாள் தங்கை. “சின்னச் சொல்தானே.”

சாக்குக்கட்டி உயர்ந்தது. அங்கேயே நின்றது. ஒரு சொல்லுக்கு முப்பத்திரண்டு பேர், இன்னொரு சொல்லுக்கு முப்பத்திரண்டு பேர். எதை எழுதினாலும் பாதி அறை எழுந்துவிடும். அய்யாவின் வாழ்நாளிலேயே முதன்முறையாக நிகழ்தகவு அவருக்கு எதிராக உட்கார்ந்திருந்தது.

முணுமுணுத்த பெண்தான் முதலில் உறையைக் கிழித்தாள்.

“பகடை.”

“எனக்குக் காசு” என்றான் அவள் பக்கத்தில் இருந்தவன்.

பிறகு காகிதம் கிழிகிற சத்தம் மட்டும். காசு. பகடை. பகடை. காசு. எண்ணத் தெரிந்த கூட்டமாயிற்றே, உடனே எண்ணிவிட்டார்கள். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு.

அண்ணன் சுவரில் சாய்ந்தான். உதடு அசைந்தது. எண்பது கணக்கைப் போடும்போது அசையுமே, அதே அசைவு.

“எது வந்தாலும் பாதிப் பேருக்குப் பலிக்கும். அறுபத்து நாலுல பாதி முப்பத்திரண்டு. அடுத்த உறைக்குப் பதினாறு. அப்புறம் எட்டு. அப்புறம் நாலு.”

“இப்ப உங்க அணியில எத்தனை பேர் மிச்சம்?”

“நாலு.”

“சக்தி எத்தனை சதவீதம் அண்ணா?”

அவன் அவள் கையிலிருந்த தப்பு நோட்டை வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டான். “வா, போலாம். மணி பாக்கணும்” என்றான்.

அவர்கள் படி இறங்கும்போது மேலே நாற்காலி நகரும் சத்தம், கிண்ணம் உருளும் சத்தம், ‘காணிக்கையைத் திருப்பிக் கொடு’ என்கிற சத்தம். அவ்வளவுக்கு நடுவிலும் அய்யா விரதத்தை விடவில்லையாம். சிலேட்டில் ‘பின்வாசல் எங்கே’ என்று எழுதிக் கேட்டதாகக் கேள்வி.

டயர் கடைக்காரர் தலையை நிமிர்த்தினார்.

“என்னம்மா, மேல பஞ்சரா?”

“பெரிய ஓட்டை அண்ணே. தண்ணியில அமுக்கக்கூட வேண்டியதில்லாம போச்சு.”

பின்னாலேயே இரண்டு பேர் ஓடிவந்தார்கள். இருவரும் புள்ளியியல்.

“அக்கா, ஒரு நிமிஷம். நீங்க அய்யாவையே மடக்கிட்டீங்க. உங்களுக்கு ஏதோ தெரியுது. நீங்களே சொல்லிடுங்க, நாளைக்குக் காசா, பகடையா?”

தங்கை அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். சீல் போடாத சட்டையைப் பார்க்கிற பார்வை.

“ரெண்டையும் படிச்சுட்டுப் போங்கடா.”

வெள்ளிக்கிழமை அண்ணன் நேர்காணலுக்குப் போனான். எண்பது கணக்கில் எழுபத்தெட்டு சரி. அதில் பதினொன்று தப்பு நோட்டில் மூன்று மூன்று தடவை சிவப்பு வாங்கியவை. கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். முதல் கேள்வி காசும் இல்லை, பகடையும் இல்லை. சீட்டுக்கட்டு. அண்ணன் சிரித்துவிட்டான்.

“என்ன சிரிப்பு?” என்றார் தேர்வாளர். கம்பெனியில் இருபது வருடம். ஒரு நாளைக்கு இவர் கை வழியாகப் போகிற பணத்தில் ஒரு ஊரையே விலைக்கு வாங்கலாம்.

கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அண்ணன் கதையையும் சொன்னான். அறுபத்து நான்கில் தொடங்கி நாலில் முடித்தான். தேர்வாளர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

“நல்ல விளக்கம். திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க” என்றார். அண்ணன் எழுந்தான். கதவைத் தொட்டான்.

“ஒரு நிமிஷம் தம்பி.”

“சொல்லுங்க சார்.”

“உங்களுக்கு நாலு தடவையும் சரியா வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

தேர்வாளர் கதவுக்கு வெளியே ஒரு முறை பார்த்துக்கொண்டார். ஒரு துண்டுக் காகிதத்தை முன்னால் இழுத்தார்.

“அந்த டயர் கடை எந்தத் தெருன்னு சொன்னீங்க? சும்மா, தெரிஞ்சுக்கத்தான்.”

வீட்டுக்கு வந்து அண்ணன் இதைச் சொன்னபோது தங்கை சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“அவருக்கும் ஒரு தப்பு நோட்டு போடணும் அண்ணா.”

அவருக்கு மட்டுமா? அய்யா இப்போது வேறு தெருவில், வேறு பெயரில் உறை ஒட்டிக்கொண்டிருப்பார். அந்த உறையை முன்கூட்டியே பிரிக்கத்தான் அனுமதி இல்லை. இன்னொரு உறை எல்லோருக்கும் கழுத்துக்கு மேலே இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து ஒட்டியபடியே வைத்திருக்கிறவர்கள், ஒரே ஒரு தடவை அதைப் பிரித்துப் பார்க்கலாம். காணிக்கை கிடையாது.