ரகசியப் பணியில் ஒரு முட்டைகோஸ்

எங்கள் வீட்டில் இனி ஒருத்தரும் இணையத்தில் ஏமாறக்கூடாது என்று முடிவு கட்டினேன். ஒருத்தர் என்றால் என் மச்சினி. கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவள். டேட்டிங் ஆப்பில் ஒரு மாட்டு டாக்டரைப் பிடித்திருந்தாள். நானோ பூட்டுக் கடை வைத்திருப்பவன். திருடன் எந்த வழியாக வருவான் என்பது எனக்கு அத்துப்படி என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டு மேஜையிலேயே வகுப்பை ஆரம்பித்தேன்.

"முகம் தெரியாத ஆள நம்பாதே. ரொம்பப் புகழ்ந்தா உஷார். அவசரப்படுத்தினா உஷார். 'வீட்ல யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு சொன்னா, ஃபிராடேதான்!"

"வீடியோல எத்தனையோ தடவ பேசிட்டேன் அத்தான். அவர் வேலை பாக்குற ஆஸ்பத்திரியிலயும் விசாரிச்சாச்சு."

"ஆட்டுக்குட்டியோட எதுக்குப் போட்டோ போட்டிருக்கான்?"

"மாட்டு டாக்டர் அத்தான்!"

"அப்ப மாட்டோடதானே போடணும்?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியை வைத்தால் நான் வாயை மூட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

"சனிக்கிழமை ரெண்டு பேரும் மொதத் தடவையா நேர்ல பாக்கப்போறாங்க. நீங்க அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. போன தடவ பண்ணினது போதும்."

போன தடவை பெரிதாக ஒன்றும் பண்ணிவிடவில்லை. மச்சினியோடு பேச ஒரு கணக்காளர் வீடியோவில் வந்தார். போலி வீடியோ என்றால் ஒற்றைக் காலில் நிற்க வராது என்று எங்கேயோ படித்திருந்தேன். நிற்கச் சொன்னேன். நின்றார். இரண்டு கையையும் விரிக்கச் சொன்னேன். விரித்தார். அப்படியே பறந்துவிட்டார். மச்சினி அழுதாள். பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்தத் தடவை இன்னும் தீவிரமாக விசாரிக்க நினைத்தேன்.

மறுநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"வணக்கம். நாங்கள் காதல் மோசடித் தடுப்பு ரகசியப் பிரிவு. தங்கள் கூர்மையான அறிவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ஆட்டுக்குட்டி ஆசாமியைப் பிடிக்கத் தங்களால் மட்டுமே முடியும். உடனே சம்மதிக்கவும். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம். இப்படிக்கு, கழுகு."

என் கூர்மை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, பாருங்கள்! இத்தனை வருஷமாகக் கூடவே இருக்கிறவளுக்குத்தான் அது தெரியவில்லை. உடனே சம்மதித்தேன். எனக்குச் 'சிறுத்தை' என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். தொப்பையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் பொருத்தமாகத்தான் இருந்தது.

முதலில் பயிற்சி. தையல்கடையில் ஒரு பார்சல் இருக்கும், பிரிக்காமல் எடுத்துப்போய் வீட்டு அலமாரியில் வைக்க வேண்டும். வைத்தேன். அடுத்து, ஃபேன் இறக்கைமேல் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கலாம், தூசியைத் துடைத்தால்தான் தெரியும் என்றார் கழுகு. ஸ்டூல் போட்டு ஏறினேன்.

"என்னங்க இது, ஃபேனெல்லாம் துடைக்கிறீங்க? நான் எத்தன மாசமாக் கத்திட்டிருந்தேன்!"

"சும்மாதான்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

கேட்டுவிட்டு மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முக்கிய உத்தரவு வந்தது. "குற்றவாளி ஊர்க்கோடி பஸ் ஸ்டாப்பில் இறங்குவான். அடையாளத்துக்குக் கையில் ஒரு முட்டைகோஸ் வைத்திருக்கவும். கெட்டியாக, பூச்சி இல்லாததாக இருக்கட்டும். கூடவே வெங்காயம் ஒரு கிலோ."

"வெங்காயம் எதற்கு?" என்று கேட்டேன்.

"தங்களைப் போன்ற அறிவாளிக்கு விளக்க வேண்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெயிலில் நின்றேன். பஸ் வந்தது, போனது. ஆட்டுக்குட்டி ஆசாமி மட்டும் இறங்கவில்லை. ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து, "கோஸ் என்ன விலைப்பா?" என்றார். இது ஏதோ சங்கேதம் என்று புரிந்துகொண்டு, "கழுகு அனுப்பியதா?" என்று மெதுவாகக் கேட்டேன். அந்த அம்மாள் அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். அது அவருடைய பஸ் மாதிரி தெரியவில்லை.

கால் கடுத்து வீட்டுக்கு வந்தால், வாசலில் புதிதாக ஒரு ஜோடி ஷூ. உள்ளே மச்சினி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவன்! ஆட்டுக்குட்டி இல்லாமல்!

"வாங்க," என்றாள் மனைவி. "காபிக் கடையில பேசினாங்க. நான் அடுத்த மேஜையிலதான் காவலுக்கு உக்காந்திருந்தேன். நல்ல மனுஷரா இருக்காரேன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

கோட்டைக்குள்ளேயே புகுந்துவிட்டான்! முட்டைகோஸுக்குப் பின்னால் போனை மறைத்து அவசரமாகத் தட்டினேன்: "கழுகே! குற்றவாளி என் வீட்டில் டீ குடிக்கிறான்! உத்தரவு என்ன?"

'டொய்ங்' என்று ஒரு சத்தம். மனைவியின் கைப்பைக்குள்ளிருந்து.

அவள் நிதானமாக ஒரு போனை வெளியே எடுத்தாள். குப்பையில் போடச் சொல்லி நானே ஒதுக்கிய பழைய போன்.

"முகம் தெரியாத ஆளு. புகழ்ந்தாச்சு. அவசரப்படுத்தியாச்சு. வீட்ல சொல்லாதேன்னும் சொல்லியாச்சு," என்றாள். "பாடம் எடுத்தது யாருங்க?"

"பணம் கேக்கலையே!" என்றேன். வேறு என்ன சொல்வது?

மாட்டு டாக்டர் மரியாதையாக எழுந்தார். "சார், ஒத்தக் கால்ல நிக்கணும்னு சொன்னாங்க. வீட்ல பழகிட்டுத்தான் வந்திருக்கேன். இப்பவே நிக்கட்டுமா?"

மச்சினி என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. கையிலிருந்த முட்டைகோஸை மேஜைமேல் வைத்தேன்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி, உக்காருங்க. டீ ஆறிடும்."

சிரிப்பு திரும்பி வந்தது. அப்பாடா என்று நானும் நாற்காலியில் சாய்ந்தேன். உடனே என் போன் ஒலித்தது.

"சிறுத்தை அவர்களுக்கு: விருந்தாளி சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். முட்டைகோஸைப் பொடியாக நறுக்கவும். இப்படிக்கு, கழுகு."

'உத்தரவு, ஐயா' என்று பதில் அனுப்பி, சமையலறையில் பாதிக் கோஸை நறுக்கி முடித்த பிறகுதான், இனிமேல் பதில் அனுப்பத் தேவையில்லை என்பது எனக்கு உறைத்தது.