பதினான்கு துண்டும் ஒரு கொட்டையும்

பகிர்வாளர் என்று ஒரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால், உங்கள் தோட்டத்தில் இன்னும் பறிக்கும்படியாக ஒன்றும் விளையவில்லை என்றுதான் அர்த்தம்.

வள்ளல் வேறு, பகிர்வாளர் வேறு. வள்ளல் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கிறவர். பகிர்வாளர் உங்களுடையதைக் கொடுத்துவிட்டு நல்ல பேர் வாங்குகிறவர். உங்கள் வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே வருவார். உங்களை விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் ரோஜாவை விசாரிப்பார். பேச்சு பேச்சாக இருக்கும்போதே இரண்டு விரல் கிளைப்பக்கம் போகும், டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், "ஒரு குச்சிதானுங்களே, எல்லாருக்கும் போகணும்" என்பார். அந்தக் குச்சி அன்று மாலையே, நீங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் உங்கள் எதிர்வீட்டுக்காரருக்குப் போய்விடும். எதிர்வீட்டுக்காரர் அவரை வாழ்த்துவார். உங்களை யார் வாழ்த்துவது?

இந்த இனத்தில் நான் கண்டவர்களுக்குள் உத்தமமானவர் கிருஷ்ணகிரி பழையபேட்டை அற்புதராஜ். பத்திரப்பதிவு ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் சொத்தை இன்னொருவர் பேருக்கு மாற்றி எழுதியே முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட கை, ஓய்வு பெற்றால் மட்டும் சும்மா இருக்குமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் 'தோட்ட நண்பர் வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். மாதத்தில் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகு, மூன்று மணிக்கு அவர் வீட்டு முன்வராந்தாவில் கூடுவோம். ஓசூரிலிருந்து ஒருவர், சிங்காரப்பேட்டையிலிருந்து இருவர், கல்லாவியிலிருந்து நான், மற்றவர்கள் உள்ளூர். அற்புதராஜின் சொந்தத் தோட்டத்தில் அப்போது இருந்தவை ஒரு துளசியும், யாரோ கொடுத்து யாரும் கேட்காமல் விட்ட ஒரு குரோட்டன்சும்.

செடி இல்லாவிட்டால் என்ன, நோட்டு இருந்தது. ஒன்றல்ல, மூன்று. காலிகோ அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று. உரக்கம்பெனி இனாமாகக் கொடுத்த பாக்கெட் டைரி ஒன்று. செருப்புப் பெட்டியில் அடுக்கிய அட்டைகள் மூன்றாவது. எதை எதில் எழுதுவது என்பதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். மழையில் மசி அழியும், ஈரம் பட்டால் ஊதாவாகிற காப்பியிங் பென்சில் அழியாது என்பார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி உதடெல்லாம் ஊதாவாக உட்கார்ந்திருப்பார். பால்பவுடர் டின்னை வெட்டி, ஆணியால் பேர் கீறி, செடியில் கட்டினால் பேரன் காலம்வரை நிற்கும் என்று முக்கால் மணி நேரம் விளக்குவார். நாங்கள் அதையும் எழுதிக்கொள்வோம். என் நோட்டில் நோட்டு எழுதுவது எப்படி என்பது பற்றி மட்டும் பதினொரு பக்கம் இருக்கிறது. செடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

அப்புறம் தேன். ஓசூர் கங்கப்பன் தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து, அடையைப் பிழிந்து அப்படியே வடிகட்டின தேனைப் பாட்டிலில் கொண்டுவருவார். குச்சியின் அடியைக் காய்ச்சாத தேனில் தொட்டு நட்டால் வேர் பிடிக்கும் என்பது வட்டத்தின் கொள்கை. பாட்டில் கங்கப்பனுடையது, ஸ்பூன் அற்புதராஜுடையது. "எல்லாருக்கும் போகணும்" என்று அவர் நீட்டும்போது, கொடுக்கிற முகம் அவருக்கும், தீர்ந்த பாட்டில் கங்கப்பனுக்கும் வாய்க்கும். கங்கப்பன் ஒரு தடவையும் முணுமுணுத்ததில்லை. நல்ல மனுஷர், கன்னடத்தில் மட்டும் ஏதோ சொல்லிக்கொள்வார்.

வட்டம் ஆரம்பித்த மறுவருஷம் தை மாதத்தில், புது ரகம் உண்டாக்குவது பற்றி அற்புதராஜ் ஒரு சொற்பொழிவு செய்தார். ஒரு மரத்துப் பூவின் மகரந்தத்தை இன்னொரு மரத்துப் பூவில் எப்படித் தொட்டு வைப்பது, துணிப்பை கட்டி ஈ எறும்பு வராமல் எப்படிக் காப்பது, எல்லாம் ஒரு துண்டுப் பிரசுரத்தில் இருந்தபடியே சொன்னார். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு நோட்டில் எழுதிக்கொண்டோம். எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். நாகரசம்பட்டி முனிலட்சுமி. சொந்தமாக மாந்தோப்பு பார்க்கிற பெண்மணி, நாற்பது வயது இருக்கும், வட்டத்தில் கையில் மண் ஒட்டியிருக்கிற ஒரே ஆள். எழுதிக்கொண்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினோம். அந்த அம்மாள் போய்ச் செய்துவிட்டாள்.

அவள் தோப்பில் ஒரு கிழட்டு மல்கோவா இருந்தது. பழம் தேவாமிர்தம், ஆனால் ஒரு வருஷம் காய்த்தால் இரண்டு வருஷம் பூவோடு நிறுத்திக்கொள்ளும். பக்கத்தில் பெங்களூரா மரங்கள். வருஷா வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ருசி சுமார். அதன் ருசியும் இதன் காய்ப்பும் ஒரே மரத்தில் வராதா? ஏணி போட்டு ஏறி, மல்கோவாவில் கண்ணுக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் பூவுக்குப் பூ பெங்களூரா மகரந்தம் தொட்டு, கந்தல் புடவையில் பை தைத்துக் கட்டினாள். முதல் வருஷம் எல்லாம் உதிர்ந்தது. இரண்டாம் வருஷமும் உதிர்ந்தது. மூன்றாம் வருஷம், அறுநூறு பூவுக்கு மேல் தொட்டதில், ஒன்றே ஒன்று நின்றது.

அந்த வருஷச் சித்திரையில் அவள் புருஷன் வீட்டில் பாகப்பிரிவினை ஆனது. மல்கோவா மரம் கொழுந்தன் பங்குக்குப் போயிற்று. ஆடி பிறந்ததும் வெட்டிச் செங்கல் சூளைக்குப் போடப்போவதாகக் கொழுந்தன் சொல்லிவிட்டான். ஆகவே அந்த ஒரு பழம்தான். பழம்கூட இல்லை, அதற்குள் இருந்த கொட்டைதான்.

ஆனி மாதக் கூட்டத்துக்கு அதை வைக்கோலில் பழுக்க வைத்து, கூடையில் கொண்டுவந்தாள். "சார், கொட்டைய ஓட்டோட நடறதா, ஓடு எடுத்துட்டு நடறதா? எந்தப் பக்கம் மேல இருக்கணுங்க? தப்புப் பண்ணிட்டா எனக்கு வேற கிடையாதுங்க" என்று கேட்டாள்.

"சொல்றேன், உக்காரும்மா, மொதல்ல காப்பி சாப்பிடு" என்றார் அற்புதராஜ். அவர் மனைவி மேரிராணி சமையலறைக்குக் கூப்பிட, முனிலட்சுமி எழுந்து போனாள். கூடை மேஜைமேல் இருந்தது.

இனி நடந்ததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். பழம் மணத்தது. பகிர்வாளர் முன்னால் ஒரு பழம் மணந்தால் அவர் வேறென்ன செய்வார்? "இது நம்ம வட்டத்தோட பழமுங்க. எல்லாருக்கும் போகணும்" என்றார். கத்தி வந்தது. எடை முதலில், அறுநூற்று இருபது கிராம். பிறகு அறுத்து, பதினான்கு பேருக்குப் பதினான்கு துண்டு. நியாயஸ்தர், முனிலட்சுமிக்கும் ஒரு துண்டை இலையில் எடுத்துவைத்தார். கங்கப்பனின் தேன் சொட்டுச் சொட்டாக மேலே விழுந்தது. கங்கப்பனே "பலே சென்னாகிதே!", ரொம்ப நன்றாயிருக்கிறது, என்று கண்ணை மூடினார். அற்புதராஜ் பென்சிலை நாக்கில் தொட்டு எழுத, எல்லோரும் நோட்டைச் சூழ்ந்துகொண்டு, நார் உண்டு, நார் இல்லை என்று சண்டை போட்டார்கள்.

முனிலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இலையை அவளிடம் நீட்டினார்கள். அவள் துண்டைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தாள்.

"கொட்டை எங்கங்க?"

நாங்களும் மேஜையைப் பார்த்தோம்.

"சார், கொட்டை எங்க?"

அற்புதராஜ் நோட்டைப் புரட்டினார். பாவம், அவர் எதையும் விட்டிருக்கவில்லை. தோல்: மெல்லியது. மணம்: மல்கோவாவை ஒத்தது. தேனின்றி: நன்று. தேனுடன்: மிக நன்று. உண்டோர்: பதினான்கு பேர், பேர் பேராக. கொட்டைக்கு ஒரு வரி இல்லை. டைரியைப் பார்த்தார். அட்டைப் பெட்டியையும் பார்த்தார். மேஜைக்கு அடியில் பார்த்தார்கள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தார்கள். முனிலட்சுமி தரையில் உட்கார்ந்து தோலைக் கையால் துழாவினாள். அழவில்லை. "மூணு வருசமுங்க" என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வட்டத்தைக் குறைவாக எடை போடாதீர்கள். அற்புதராஜ் எல்லோருக்கும் தபால் கார்டு போட்டார்: கைமறதியாக யாராவது கொட்டையை எடுத்துப்போயிருந்தால் அடுத்த கூட்டத்தில் சேர்ப்பிக்கவும், எடுத்தவரைக் கேள்வி கேட்கமாட்டோம். ஆடி மாதக் கூட்டத்துக்கு, அற்புதராஜையும் சேர்த்து, பதினொரு பேர் பதினொரு கொட்டையோடு வந்தார்கள்! ஒவ்வொருவரும், தெரியாமல் பையில் விழுந்திருக்கிறது, தெரியாமல் நோட்டோடு வந்திருக்கிறது என்று தலையைச் சொறிந்தார்கள். கங்கப்பனும், வட்டத்தில் இருந்த உள்ளூர் டீச்சர் ஜெபசீலியும் மட்டும் வெறுங்கையோடு வந்து, தங்களிடம் இல்லை என்று சொன்னார்கள். அவர்கள் இரண்டு பேரையும்தான் எல்லோரும் சந்தேகத்தோடு பார்த்தோம்.

மரம் அதற்கு முந்தின வாரமே சூளைக்குப் போய்விட்டிருந்தது. முனிலட்சுமி பதினொன்றையும் மடியில் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் ஒன்றைத் தனியாக வைத்து, "இதுதான் இருக்குமுன்னு மனசுக்குத் தோணுதுங்க" என்றாள். அதைக் கிணற்றடியில், நல்ல மண்ணில், வேலி கட்டி நட்டிருக்கிறாள். மற்ற பத்தும் வரப்போரம். எல்லாமே முளைத்துவிட்டன. காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரை பதினொன்றுக்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். எது அது என்று தெரியாதே.

எனக்குத் தெரியும். எதுவும் அது இல்லை.

மாம்பழம் அறுக்கிற வீட்டில் கொட்டை யாருக்குப் போகும்? தூரத்திலிருந்து வந்த விருந்தாளிக்கு. கல்லாவியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன் நான். துண்டும் எடுத்துக்கொண்டேன், நீட்டியவரே மறந்துவிட்ட கொட்டையையும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் நார் பற்றிச் சண்டை போட்டபோது நான் ஓரமாக நின்று வெள்ளை வெளேர் என்று வரும்வரை சப்பினேன். மல்கோவாவில் பாதி, பெங்களூராவில் பாதி, அதற்குமேல் ஏதோ ஒன்று. பிறகு சுவருக்கு அந்தப்பக்கம், வண்டிப்பேட்டையில் எறிந்தேன். வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அவள் "கொட்டை எங்கங்க" என்று கேட்டபோது என் வாய் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் வேலிக்குள் நிற்பது, ராயக்கோட்டை ரோட்டுக் கடையில் நான் பொறுக்கி எடுத்த கொட்டை.

அற்புதராஜைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், நானும்தான் சிரித்தேன். கத்தி பிடிக்கிறவர் ஊருக்கு ஒருவர்தான் இருக்கிறார். தட்டு வரும்போது கை நீட்டுகிற நாம் பன்னிரண்டு பேர். போன வாரம் யார் வீட்டிலோ ஏதோ நீட்டினார்களே, ருசியாக இருந்தது என்று சொன்னீர்களே, அது யாருடையது என்று கேட்டீர்களா?

போன மாதம் முனிலட்சுமி யாரையோ எழுதச் சொல்லி எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். கிணற்றடிக் கன்று முதல் காய் காய்த்ததும், அதைக் கண்டெடுத்துக் கொடுத்த எனக்குத்தான் முதல் பழமாம்.