கூர் வைக்காத இழைப்புளி

சனிக்கிழமை மத்தியானம், சோற்றுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளறைக் கட்டிலுக்கடியிலிருந்து கிருபாபாய் அந்தத் தகரப் பெட்டியை இழுத்தாள் என்றால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பெட்டிக்குள் பச்சைக் கம்பளித் துணியில் சுற்றிய இரும்பு இழைப்புளி ஒன்று, பன்னிரண்டு உளிகள், இரண்டு ரம்பங்கள், ஒரு ரசமட்டம், பெயர் தெரியாத சாமான்கள் ஏழெட்டு. ஒவ்வொன்றாக எடுத்து, தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, துரு ஏறாமல் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பஞ்சுக்குப் பஞ்சமில்லை, இராஜபாளையத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் அது உண்டு. துடைப்பது கிருபாபாய். துடைத்தது சரியா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவள் வீட்டுக்காரர் தவசிமுத்து.

ஊரெல்லாம் வருசத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜை கும்பிடுகிறது. இது வேதக்கார வீடு, அதெல்லாம் கிடையாது. இங்கே வாரா வாரம் நடப்பதற்குப் பெயர் மெயின்டனன்ஸ்.

தவசிமுத்துவைத் தனி மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். வேலை சுத்தமாக வரவேண்டுமென்றால் ஆயுதம் உசத்தியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, உசத்தியான ஆயுதத்தை வாங்கி, அவ்வளவு உசத்தியான ஆயுதத்தைக் கண்ட வேலைக்கும் அனுப்பக் கூடாது என்று பூட்டி வைக்கிற இனம். நாடு முழுக்க இருக்கிறார்கள். பெரும்பாலும் மத்திய வயதில் இருப்பார்கள். கட்டாயம் மணமாகியிருக்கும், துடைக்க ஆள் வேண்டாமா?

இந்த இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள், போதும். காபி வருவதற்கு முன் பெட்டி வரும். "ஸ்டீலைப் பாருங்க," என்பார். நீங்கள் பார்ப்பீர்கள். "பாத்தாத் தெரியாது, கையில வாங்கிப் பாருங்க," என்பார். நீங்கள் கை நீட்டுவீர்கள். "பிடியை மட்டும் பிடிங்க. கை வேர்வை பட்டா துரு ஏறிரும்." நீங்கள் பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், நல்ல கனம் என்பீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் உங்களை இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார்.

தவசிமுத்து நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். சாமான் வெளியே போகாமல் இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும் என்பது அவருக்கு இருபது வருடப் பழக்கம். அந்த இழைப்புளியை எண்பத்தைந்தில், பாரின் சாமான் விற்கும் பீர் மைதீன் பாயிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு வாங்கினார். அந்த வருசக் கிறிஸ்மஸுக்கு வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. இழைப்புளிக்கு மட்டும் பச்சைக் கம்பளி.

அதை வைத்து என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? மகள் தங்கபாய் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், அவளுக்கு ஒரு படிக்கிற மேசை செய்வதாகத் திட்டம். மில் கிராப் தாளில் படம்கூடப் போட்டார். மேசைக்குத் தகுந்த மரம் அமையவில்லை. அதற்குள் அவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். பிறகு அந்தப் படம் கல்யாணக் கட்டிலாக மாறியது. மாமரம் சொத்தை, வேம்பு முரடு, தேக்கு பச்சையாக இருக்கிறது என்று அவர் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கி வருவதற்குள், கட்டில் கடையிலிருந்தே வந்து, பெண்ணும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழப் போய்விட்டாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம். கிராப் தாளில் தொட்டில் ஏறியிருக்கிறது.

வந்தது அந்த ஐப்பசி மழை. அதில் வேப்பம்பலகையால் செய்த குளியலறைக் கதவு ஊறி உப்பிப்போய் நிலைக்குள் போக மறுத்தது. நாலு விரல் சந்து. உள்ளே இருப்பவர் கதவுக்கு ஒரு வாளித் தண்ணீரை முட்டுக் கொடுத்துவிட்டு, ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கீர்த்தனை பாட வேண்டும். தவசிமுத்துவுக்குச் சாரீரம் போதாது, அதனால் இருமுவார். ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஆனால் வருகிற வியாழக்கிழமை மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விடப்போவது சம்பந்தியம்மாள் ஞானபாக்கியம். அவள் நாலு நாள் தங்குவாள். சம்பந்தியம்மாளைக் குளிக்கும்போது பாடச் சொல்ல முடியுமா?

"என்னங்க, அந்தக் கதவை ஒரு இழைப்பு இழைச்சு விடுங்களேன்," என்றாள் கிருபாபாய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்த கையோடு.

"எதை வச்சு?"

"கட்டிலுக்கடியில என்ன முட்டையா அடை வச்சிருக்கு?"

தவசிமுத்து சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் இந்த இனம் கோபப்படாது, பரிதாபப்படும். "ஏட்டி, அது என்ன ஸ்டீல்னு தெரியுமா? பெயின்ட் அடிச்ச வேப்பங் கதவு. உள்ள எங்க ஆணி கெடக்கோ. அலகு ஒரு பல்லு போச்சுன்னா பொறவு யாரு பொறுப்பு?"

"சம்பந்தியம்மா முன்னால மானம் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"ஆண்டிச்சாமியக் கூப்புடு. அவங்கிட்ட இருக்கதே போதும் இதுக்கு."

புதன்கிழமை, தவசிமுத்து மில்லுக்குப் போன பிறகு, தச்சு வேலை பார்க்கும் ஆண்டிச்சாமி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். அவன் ஆயுதமெல்லாம் ஓர் உரச்சாக்கில். இழைப்புளி அவனே மரத்தில் குடைந்து, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அலகு அடித்துப் போட்டது. போன வருசம் இதே வீட்டில் தவசிமுத்து தன் பெட்டியைத் திறந்து காட்டியபோது, "தகுமா அண்ணாச்சி, இம்புட்டு வெலை?" என்று கேட்டு, அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டவன். அதிலிருந்து அண்ணாச்சி இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவான்.

கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து நாலு தள்ளுத் தள்ளினான். சீவல் வரவில்லை, சிராய் சிராயாகக் கிளம்பியது.

"யக்கா, ஊறுன மரம். நம்ம சாமான் கடிக்கிது, ஓடலை. கொஞ்ச நாள் வெயில்ல காயணும்."

"எம்புட்டு நாள்?"

"பத்து நாள்."

"நாளைக்குச் சம்பந்தியம்மா வாரா."

"அவியளுக்குப் பாட வருமா?" என்று கேட்டான் ஆண்டிச்சாமி. தெருவுக்கே தெரிந்த விஷயம்தான்.

கிருபாபாய் உள்ளே போனாள். பச்சைக் கம்பளியோடு வந்தாள். ஆறு வருடமாக வாரம் தவறாமல் குளிப்பாட்டித் துடைத்த பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடுவதுபோல அதை அவன் கையில் வைத்தாள்.

"அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா?"

"ஆணி பாத்து ஓட்டு."

ஆண்டிச்சாமி அலகைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கட்டைவிரலால் தடவினான். மறுபடி தடவினான். "யக்கா, இது இன்னும் கூரே வைக்கலியே," என்றான். "கடையில இருந்து வந்தது வந்தபடிக்கே இருக்கு. இதை வச்சு வாழைத்தண்டுகூட நறுக்க ஏலாது."

ஆறு வருடம். எத்தனை விருந்தாளிகள், எத்தனை ஆறிப்போன காபி. ஒருத்தருக்குமா தெரியவில்லை? பிடியை மட்டும் பிடித்தால் எப்படித் தெரியும்?

சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் தேய்த்துக் கூர் வைத்து, அலகை மாட்டித் தள்ளினான். சர்ர்ரென்று ஒரு சத்தம். கதவின் ஓரத்திலிருந்து, ஒரு விளிம்பில் நீலப் பெயின்ட்டோடு, முழ நீளத்துக்குச் சீவல் சுருண்டு வந்து அவன் தோளில் விழுந்தது. ஆண்டிச்சாமி நின்றுவிட்டான். கதவைப் பார்த்தான், இழைப்புளியைப் பார்த்தான்.

"தகும் யக்கா," என்றான்.

கதவு மாட்டியாகிவிட்டது. சாத்தினால் 'டொப்' என்று உட்கார்ந்தது. அடுத்த வாரம் ஜன்னல்களையும் ஒரு கை பார்த்துவிடலாம், அடுப்படிப் பலகையைக்கூட, என்று சொல்லிவிட்டு அவன் போனான். கிருபாபாய் அவசர அவசரமாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

சாயங்காலம் வந்த தவசிமுத்து கதவைச் சாத்தித் திறந்து, சாத்தித் திறந்து பார்த்தார். ஓரத்தை விரலால் மேலிருந்து கீழே வரை தடவினார்.

"யாரு இழைச்சா?"

"ஆண்டிச்சாமிதான்."

பொய் ஏதாவது இருக்கிறதா இதில்?

"அந்த லாரிப்பட்டையிலயா இந்த வழுவழுப்பு?"

அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை சம்பந்தியம்மாள் வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஒரு கீர்த்தனையும் இல்லாமல் நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்து, "கதவு அம்சமா இருக்கு," என்றபோது, வேறு யாராக இருந்தாலும் குளிர்ந்திருப்பார்கள். தவசிமுத்துவின் முகம் வெந்து போயிற்று.

சனிக்கிழமை அவள் பெட்டியை இழுத்தபோது அவரும் வந்து தரையில் உட்கார்ந்தார். இதுவரை உட்கார்ந்ததில்லை.

"அவஞ்சாமானே அந்த வேலை செய்யுதுன்னா, இதை எதுக்கு ரெண்டு மாசச் சம்பளம் குடுத்து வாங்கினேன்?" என்றார். "பீர் மைதீன் பாய்கிட்டயே திருப்பிக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். வந்த வெலைக்குப் போகட்டும்."

இது எப்போது தொலையும் என்று ஆறு வருடம் காத்திருந்தவள் கிருபாபாய். ஜன்னல் இன்னும் பாக்கியிருக்கும்போதா தொலைய வேண்டும்? உண்மையைச் சொன்னால் பெட்டிக்குப் பூட்டு வரும். சொல்லாவிட்டால் பெட்டியே போய்விடும். அவள் எண்ணெய்ச் சீசாவைத் திறந்து பஞ்சில் கவிழ்த்தாள்.

தவசிமுத்து கம்பளியை விலக்கி, கடைசியாக ஒரு தடவை என்பதுபோல இழைப்புளியைத் தூக்கினார், பிடியை மட்டும் பிடிக்காமல், முழுசாக இரண்டு கையாலும். தலைகீழாகத் திருப்பினார். அதன் வாயிலிருந்து ஒரு சின்னச் சுருள் உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. வேப்ப நிறம். ஒரு விளிம்பில் நீலம்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்த கையோடு உங்கள் பீரோ மேலே இருக்கிற அட்டைப்பெட்டியை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். நல்ல நாளைக்கென்று வைத்த மிக்ஸியோ, ஊட்டிக்குப் போகும்போது எடுப்போம் என்ற காமிராவோ, ஏதோ ஒன்று, தூசி இல்லாமல் இருக்கிறதா? நீங்கள் துடைத்ததாக ஞாபகம் இல்லையா? அப்படியானால் அதை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். துடைக்க மட்டும்தான் எடுத்தார்களா என்பது உங்கள் கவலை.

தவசிமுத்து சுருளை விரலில் சுற்றினார். அறை வாசல் வழியாகத் தெரிந்த குளியலறைக் கதவைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். விழப்போகிற சத்தத்துக்குக் கிருபாபாய் காதைத் தயாராக வைத்திருந்தாள்.

பக்கத்து அறையில் இருக்கும் சம்பந்தியம்மாளுக்குக் கேட்காத குரலில், அவர் கேட்டார்: "எப்படி ஓடுச்சு?"

அவள் சீசாவை மூடினாள்.

"நல்லா ஓடுச்சாட்டி?"

கிருபாபாய் பஞ்சை அவர் கையில் வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.