தலைவர் வீட்டு மைக்

"வணக்கம்" என்று தலைவர் வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கி 'கர்ர்ர்' என்று பதில் வணக்கம் வைத்தது. மைக்செட்காரர் மேடைக்கு ஓடினார்.

குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். போன வருடமும் இதே கரகரப்பில்தான் தலைவரின் பேச்சு பாதியில் நின்றுபோனது. "இந்தத் தடவையும் சொதப்பினா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று செயலாளர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

"சார், என் மைக்கைத் தரட்டுமா?" என்று தலைவரிடம் கேட்டார் மைக்செட்காரர்.

"வேண்டாம்ப்பா. வீட்டுலேர்ந்து கொண்டு வந்த இந்த மைக் இல்லேன்னா எனக்குப் பேச்சே வராது" என்றார் தலைவர்.

மைக்செட்காரர் ஒயரைக் கழற்றிப் பார்த்தார். மைக்கின் அடியில் இருந்த மூன்று பின்களிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இப்படி இருந்தால் கரண்ட் திணறாமல் என்ன செய்யும்? உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்த்தார். தேய்த்த தூள் உள்ளேயே உதிர்ந்து, கரகரப்பு இடிமுழக்கமானது.

பதறிப்போய் வாசலின் டப்பாவைத் திறந்து அள்ளி அப்பினார். காற்றும் ஈரமும் அண்டாது என்பது சரிதான். அப்பிய அப்பில் கரண்டும் அண்டவில்லை. மைக் ஊமையானது.

"என்னப்பா, சத்தமே காணோம்?" என்றார் செயலாளர்.

"இதோ சார்." சத்தத்தைக் கடைசிவரை கூட்டிவிட்டு, மைக்கை ஒரு தட்டு தட்டினார். ஒலிபெருக்கி வீறிட்டதில் முன்வரிசையே காதைப் பொத்திக்கொண்டது. செயலாளர் கைபேசியில் வேறு யாரையோ அழைக்க ஆரம்பித்துவிட்டார்.

இனி இது மானப் பிரச்சினை. தூளை ஊதித் தள்ளி, சட்டை நுனியால் பின்களைப் பளபளவென்று துடைத்து, வாசலினைப் பட்டும் படாமல் தடவி, ஒயரை இறுக்கிச் சொருகினார். உள்ளே உலோகம் உலோகத்தைத் தொட்டது. வாசலின் சுற்றிலும் நின்று காவல் காத்தது.

"அன்பார்ந்த குடியிருப்பாளர்களே" என்ற குரல் கணீரென்று மண்டபத்தை நிறைத்தது.

"பிரமாதம்ப்பா. இனிமே எல்லாக் கூட்டத்துக்கும் நீதான்" என்று செயலாளர் கைபேசியைப் பையில் போட்டார். மைக்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவர் மேடையில் கத்தை கத்தையாகக் காகிதங்களைப் பிரித்து அடுக்கினார். முன்வரிசையிலிருந்து அவருடைய மனைவி மெல்ல எழுந்து வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று மைக்செட்காரர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"ஏன் தம்பி, இத்தனை பேரையும் காப்பாத்தணும்னு ஒரு வாரமா உப்புத் தண்ணி விட்டு வளர்த்த களிம்பு, அதைப் போய் துடைச்சிட்டீங்களே."