கிடங்கு வளைவில் எதிராளி

மூன்றாவது நாளாக வண்டியின் இடது முன்சக்கரம் சேறோடு வீட்டுக்கு வந்தது. மனுக்காரரின் மனைவி வாசல் விளக்கைப் போட்டாள். சக்கரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சக்கரத்தையே பார்த்தாள்.

"இன்னைக்கும் கால்வாயா?"

"நான் என்ன பண்ணட்டும்? அவன் இன்னைக்கும் வந்தான்."

"எவன்?"

"கிடங்கு வளைவுக்காரன். மூஞ்சிக்கு நேரா முழு வெளிச்சத்தையும் அடிக்கிறான். கண்ணை மூடிக்கிட்டுத்தான் திருப்ப வேண்டியிருக்கு."

அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வரும் சாலை நேராக, தெருவிளக்கே இல்லாமல் வந்து ஒரு கிடங்கின் நீளமான சுவரில் முட்டி, சட்டென்று வலப்பக்கம் திரும்பும்; இடது ஓரத்தில் கால்வாய். காலையில் மனைவியை அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேறு வழியாகப் போவதால், மனுக்காரர் அந்த வளைவைப் பார்ப்பதே இருட்டிய பிறகுதான். அங்கேதான் திங்கட்கிழமையிலிருந்து இந்த எதிராளி முளைத்திருந்தான்.

"உங்களைத் தாண்டிப் போறப்ப வண்டி நம்பரைப் பார்க்க வேண்டியதுதானே?"

"எங்க தாண்டுறான்? நான் திரும்பி முடிச்சதும் ஆளைக் காணோம். விளக்கை அணைச்சுட்டுக் கிடங்குக்குள்ள பூந்துடறான்."

"பகல்ல ஒரு தடவை போய்ப் பாருங்களேன்."

"பகல்ல விளக்கைப் போட்டுக்கிட்டு அவன் எதுக்கு வரப்போறான்?"

மனுக்காரர் தன் புத்திசாலித்தனத்தில் தானே திருப்திப்பட்டுக்கொண்டு கால் கழுவப் போனார்.

ஆனால் உள்ளுக்குள் அவர் பயந்துபோயிருந்தார். இரண்டு வருடமாக வேலைக்கு அலைந்த மகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கழிந்து வரும் திங்களன்று சேர வேண்டும். வேலை முடிய இரவு எட்டு ஆகும். அதே வண்டி, அதே சாலை, அதே வளைவு. இருபது வருடம் ஓட்டிய தன்னையே கால்வாயில் இறக்கியவன், ஓட்டக் கற்று ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணை என்ன செய்வான் என்று நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியமே மெக்கானிக்கிடம் போனார்.

"என் விளக்கு மங்கலா இருக்கு. அதனாலதான் அவன் வெளிச்சம் என்னை அமுக்குது. நல்லாப் பளிச்சுனு ஒரு பல்பு போடுங்க."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "கண்ணாடி மூடி மஞ்சள் பூத்துப் போயிருக்கு சார். அதைத் தேய்ச்சாலே பாதி சரியாயிடும். பழைய மூடிக்குள்ள இந்தப் புது வெள்ளை பல்பைப் போட்டா வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். எதிர்ல வர்றவங்க திட்டுவாங்க."

"அவன் திட்டட்டும். அதுக்குத்தான் போடச் சொல்றேன்."

மெக்கானிக் ஒரு பெருமூச்சு விட்டு, வெள்ளை பல்புகளை மாட்டினார்.

அன்று சாயங்காலம் சாலை பால் ஊற்றியது போல் வெளுத்துக் கிடந்தது. சரளைக் கல்லெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. மனுக்காரர் மகிழ்ச்சியில் விசில் அடித்துக்கொண்டே வளைவை நெருங்கினார். விசில் பாதியில் நின்றுவிட்டது. எதிராளியும் வெள்ளை பல்பு போட்டிருந்தான். அதுவும் நேற்றைவிடப் பத்து மடங்கு. இடது சக்கரம் இம்முறை கால்வாயின் ஆழமான பகுதியைப் பார்த்துவிட்டு வந்தது.

அப்படியே மெக்கானிக்கிடம் போனபோது அவர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மனுக்காரர் வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"இதே பல்பை இன்னைக்கு வேற யாருக்கு வித்தீங்க?"

"ஒரே ஒரு ஜோடிதான் சார் வித்தேன். உங்களுக்கு."

"அப்ப அவன் எங்க வாங்கினான்? ஒரே நாள்ல?"

"எவன் சார்?"

மனுக்காரர் வண்டியைக் கிளப்பினார். கிடங்கு வளைவுக்காரனுக்குத் தன்னைப் பற்றி எல்லாமே தெரிகிறது என்ற எண்ணத்தில் அவருக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது.

வெள்ளிக்கிழமை சமாதானத்துக்குப் போனார். தூரத்திலேயே இரண்டு முறை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு, 'தயவுசெய்து வெளிச்சத்தை இறக்கப்பா' என்று சைகை செய்தார். எதிராளியும் அதேபோல் இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டான். பிறகு முழு வெளிச்சத்தோடே நின்றான்.

"கிண்டல் பண்றான்டி," என்றார் வீட்டில். "நான் செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டுறான்."

"நீங்க அப்புறம் உங்க விளக்கை இறக்கினீங்களா?"

"நான் எதுக்கு முதல்ல இறக்கணும்?"

சனிக்கிழமை விளக்கின் பின்னால் கையை விட்டு, அங்கிருந்த திருகை அவரே ஒரு திருகு திருகினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் மூன்று திருகு. வெளிச்சம் கொஞ்சம் மேலே போனால் எதிராளியின் கண்ணில் நேராக விழும், அப்போது புரியும் அவனுக்கு என்பது திட்டம். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வாசலிலேயே விளக்கைப் போட்டார்.

ஐந்து நிமிடத்தில் மாடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாயில் பல்தேய்க்கும் பிரஷ், தோளில் துண்டு.

"பேப்பர் இன்னும் வரலையா?"

"சார், இப்ப சாயங்காலம் ஏழு மணி."

தலைமையாசிரியர் அதிர்ந்துபோய் வானத்தைப் பார்த்தார். சற்றுக் கண்ணயர்ந்திருந்தவர் ஜன்னல் முழுக்க வெளிச்சத்தைக் கண்டு, விடிந்துவிட்டதென்று எழுந்திருக்கிறார். அவர் மனைவியும் எழுந்து படுக்கையெல்லாம் மடித்து வைத்துவிட்டாராம். அன்றைக்குப் போன தூக்கம் அந்த வீட்டுக்கு மூன்று நாள் திரும்பவில்லை.

திங்கட்கிழமை வளைவு வரைக்குமே அவரால் போக முடியவில்லை. அதற்கு முன்பே ஒரு போக்குவரத்துக் காவலர் தொப்பியால் கண்ணை மறைத்துக்கொண்டு நடுரோட்டில் கையைக் காட்டினார்.

"இது காரா, இல்ல விளையாட்டு மைதானமா?"

"எதிர்ல ஒருத்தன் வர்றான் சார், அவனுக்காக…"

"எனக்கு முன்னாடி ரெண்டு சைக்கிள்காரங்க புதருக்குள்ள போயிட்டாங்க. அவங்க யாருக்காகப் போனாங்க? நாளைக்கே சரி பண்ணுங்க. இல்லன்னா வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்."

வண்டி ஸ்டேஷனில் நின்றால் மகள் வேலைக்கு எப்படிப் போவாள்? மனுக்காரர் மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே மெக்கானிக்கின் வாசலில் நின்றார்.

"திருகைத் தொட்டது யாரு?" என்று கேட்டார் மெக்கானிக். டாக்டர் கேட்பது போல இருந்தது.

"அது தானா லூஸ் ஆயிருக்கும்."

"நாலு சுத்து தானா லூஸ் ஆகுமா?"

மெக்கானிக் வெள்ளை பல்புகளைக் கழற்றி, அந்த மூடிக்கென்றே செய்த நல்ல பல்புகளைப் போட்டார். மஞ்சள் பூத்த மூடியை நனைத்த உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே இறங்கும்வரை திருகினார்.

"எவ்வளவு வெளிச்சம்கிறது பெரிய விஷயமில்ல சார். அது எங்க விழுதுங்கிறதுதான் விஷயம். ரோட்டுல விழுந்தா உங்களுக்கு உதவும். எதிராளி கண்ணுல விழுந்தா அவன் உங்க மேலயே வந்து விழுவான். ஆள் வந்தா இறக்கிப் போடுங்க."

புதன்கிழமை மகள் ஓட்டிப் பழகட்டும் என்று அவளையே ஓட்டச் சொன்னார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கத்து இருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வளைவு வருமுன்னரே கண்ணை இறுக மூடிக்கொண்டார். வண்டி மெதுவாகத் திரும்பியது. கால்வாய் வரவில்லை.

"அப்பா, கண்ணைத் திறங்க. தாண்டியாச்சு."

"அவன் வரலையா?"

"வந்தாரே. நான் விளக்கை இறக்கினேன், அவரும் உடனே இறக்கிட்டார். நல்ல மனுஷன்தான்பா. நன்றின்னு ஒரு தடவை சிமிட்டினேன், அவரும் சிமிட்டினார்."

மனுக்காரர் திரும்பி வளைவைப் பார்த்தார்.

பத்து நாளாகத் தன் கண்ணைப் பிடுங்கியவன். கெஞ்சியும் இறங்காதவன். தன் பெண் ஓட்டி வந்த முதல் நாளே பணிவாக இறக்கி, சிமிட்டியும் காட்டியிருக்கிறான். வீடு வந்து சேர்ந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து மகளைக் கேட்டார்.

"யாரும்மா அவன்?"

"எவன்?"

"உனக்காகத் தினம் அந்த வளைவுல காத்துக்கிட்டிருக்கானே, அவன்."

மனைவி கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் மாடி வரை கேட்டிருக்கும்.

"என்ன பேசுறீங்க? பொண்ணு இன்னைக்குத்தான் அந்த ரோட்டுலயே ஓட்டியிருக்கா."

"அவன் பல்பு மாத்தினதுகூட நான் மாத்தின அன்னைக்கேதான். வீட்டு விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சாகணும். அதுவரைக்கும் அந்த வேலை வேண்டாம்."

"அப்பா, இந்த வேலைக்கு ரெண்டு வருஷம் காத்திருந்தேன்," என்றாள் மகள். குரல் உயரவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மகளின் முகம் கண்ணிலேயே நின்றது. வேண்டாம் என்று சொன்னவர் தான்தான் என்றாலும், அவள் போகவேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. ஒரே வழிதான் இருந்தது. மேசை விளக்கைப் போட்டு மனு எழுத உட்கார்ந்தார்.

அவருக்கு மனுக்காரர் என்று பெயர் வந்ததே இதனால்தான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். நாள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்திய கை, வீட்டுக்கு வந்தும் ஓயாது. எரியாத தெருவிளக்கு, மூடியில்லாத சாக்கடை, எழுத்துப் பிழையோடு நின்ற பெயர்ப் பலகை, பஸ் நிற்காத பஸ் நிறுத்தம், முனை மறைக்கும் கிடங்குச் சுவர், வாலை ஆட்டாத தெருநாய் என்று பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தொரு மனு எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' இது நாற்பத்திரண்டாவது.

வெள்ளிக்கிழமை காலை சாலை அலுவலகத்தில் மனுக்களை வாங்கும் எழுத்தர் அம்மா அவரைக் கண்டதும் எழுந்தே நின்றார். இந்த அலுவலகத்துக்கு ஒற்றுப்பிழை இல்லாமல் வரும் மனு அவருடையது மட்டும்தான்.

"உட்காருங்க சார். இந்தத் தடவை என்ன?"

"மர்ம வாகனம்." மனுவை நீட்டினார். "கிடங்கு வளைவுல தினம் ராத்திரி முழு வெளிச்சத்தோட ஒருத்தன் வர்றான். நான் என்ன செஞ்சாலும் அதையே திருப்பிச் செய்யறான். என் பொண்ணைப் பார்த்தா மட்டும் மரியாதை. அவன் யாருன்னு தெரியாம அவளை வேலைக்கு அனுப்ப முடியல. திங்கட்கிழமை சேரணும் அவ."

எழுத்தர் அம்மா மனுவை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு ஒருமுறை அவரைப் பார்த்தார்.

"கிடங்கு வளைவுன்னா… சுவரில முட்டித் திரும்புமே, அதுவா?"

"அதேதான். அங்க வேற என்ன இருக்கு?"

"ஒரு நிமிஷம் இருங்க."

அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, நாடா கட்டிய ஒரு கோப்பை எடுத்து வந்தார். மனுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"கோப்பைப் பார்த்து என்னம்மா ஆகப்போகுது? பன்னிரண்டு வருஷமா எழுதுறேன். உண்மையைச் சொல்லுங்க, என் மனுவில ஒண்ணாவது நடந்திருக்கா?"

எழுத்தர் அம்மா பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, பிறகு பெருமை.

"நடந்திருக்கே சார், உங்க ஒன்பதாவது மனு. சுவரை இடிக்கக் கிடங்குக்காரங்க ஒத்துக்கல, வளைவுல வைக்கிற வட்டக் கண்ணாடியும் கிடைக்கல, அதனால மூடிப்போன துணிக்கடையில இருந்த ஆளுயரக் கண்ணாடி ரெண்டை எடுத்து அந்தச் சுவர்ல ரோட்டைப் பார்க்க நேரா பதிச்சு ரெண்டு வாரம் ஆகப்போகுது. எதிர்ல வர்ற வண்டி தெரியணும்னு கேட்டிருந்தீங்களே, இப்ப நல்லாத் தெரியுதா சார்?"