கிடாத் தலையும் என் தாடை ஊசியும்

அன்புள்ள மாப்பிள்ளை மகாராஜா அவர்களுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து மாமனார் மருதப்பன் எழுதுவது. என் தாடையில் ஊசி போட வைத்து, எனக்குச் சேர வேண்டிய கிடாத் தலையை என் சித்தப்பா மகன் கோமதிசங்கரின் இலைக்குத் தள்ளிவிட்டது நீங்கள்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன். இப்போது விசாரிக்கிறேன். நீங்களும் பிரேமலதாவும் சுகம்தானே? மதுரையில் வெயில் எப்படி? இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், என் தாடையைத் தவிர.

தாடைப் பூட்டில் வலி இருந்தது உண்மை. வாயைத் திறந்தால் தாழ்ப்பாள் போல 'டக்' என்று சத்தம் வந்ததும் உண்மை. தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிற சத்தத்துக்கு, தறி ஓடுகிற வீட்டில் பிறந்து வளர்ந்த உங்கள் அத்தையே எழுந்து உட்காருவாள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் வலி என்னுடையது, நான் வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். நீங்கள்தான் "சும்மா காட்டிட்டு வருவோம் மாமா" என்று கூப்பிட்டுப் போய் அந்த டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தீர்கள். மெல்லுகிற தசை ஓயாமல் இறுகிக் கிடக்கிறது, பொட்டுலினம், அதாவது போடாக்ஸ், ஊசி போட்டால் தளரும், சில மாதம் தாங்கும், அதுவரை கெட்டியானதை மெல்லச் சிரமமாக இருக்கலாம் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டியது நீங்கள், ஊசி இறங்கியது என் கன்னத்தில். வீட்டுக்கு வந்து போனில் படித்தால், கெட்டுப்போன டப்பாச் சாப்பாட்டில் வளர்கிற கிருமியின் விஷமாம் அது! துளியளவுதான், முறையாகப் போட்டால் பயமில்லை என்றும் அங்கேயே எழுதியிருந்தது. அதை நான் பிறகுதான் படித்தேன்.

உங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை, அதனால் விளக்குகிறேன். நம் சுடலை கோவில் கொடைத் திருவிழாவில் முதல் கிடாவின் தலை குடும்பத்தில் மூத்தவன் இலைக்கு வரும். அவன் சாமி முன்னால் உட்கார்ந்து காதையாவது தன் பல்லால் கடித்து மென்று விழுங்க வேண்டும். அடுத்தவர் பிய்த்துத் தரக் கூடாது. முடியாவிட்டால் தலை அடுத்தவன் இலைக்குப் போகும். போனால் போனதுதான், திரும்பி வராது.

ஊசிச் செய்தி கேட்டதும் கோமதிசங்கர் வந்துவிட்டான். "அண்ணாச்சி, சினிமாக்காரங்க போடுத ஊசியாமே! மயினி பக்கத்துல நின்னா மகன் மாதிரில்லா இருக்கீய. பேசாம தாடைக்கு ஓய்வு குடுங்க, தலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றான். "ஏலே, நான் இன்னும் சாகல, போலே" என்று அனுப்பிவிட்டு, ஒத்திகை பார்க்கக் கறிக்கடை ரிபாயியிடம் போய் ஒரு தலை கேட்டேன். "கொடைக்கு நாள் கெடக்கே அண்ணாச்சி, இப்ப எதுக்கு?" என்றார். மென்று பார்க்க என்றேன். "கறி எப்படின்னு பாக்க வாங்குவாங்க. பல்லு எப்படின்னு பாக்க வாங்குதது நீங்கதான்" என்றார்.

உங்கள் அத்தை சமைத்தாள். காதை வாயில் போட்டேன். அது இந்தக் கன்னத்துக்குப் போனது, அந்தக் கன்னத்துக்கு வந்தது, போன மாதிரியே திரும்பி வந்தது. "ஏங்க, காப்பி நேரமாச்சி, துப்புங்க" என்கிறாள், நான் மாட்டேன் என்று தலையாட்டுகிறேன், அந்த நேரம் பார்த்து மறுபடி கோமதிசங்கர் வந்து வாசலில் நின்று, "அப்ப இந்தக் கொடைக்கு நான் உக்காரட்டுமா அண்ணாச்சி? சம்மதம் இல்லைன்னா இப்பவே வாயத் தொறந்து சொல்லுங்க" என்றான். வாயில் முழுக் காது. எப்படித் திறப்பேன்? அண்ணாச்சி சம்மதித்துவிட்டார் என்று குடும்பம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

விடுவேனா? செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் டாக்டரம்மாவிடம் போய், போட்ட மருந்தை முறிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாதென்றால், மருந்தின் வேகம் இறங்கும்வரை கொடையைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பூசாரிக்கு அவரே ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். பிரேமலதா எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, அப்பா வாயில் இருந்தது காதுதான், சம்மதம் இல்லை என்று சொல்ல வேண்டும். ரிபாயி காது மெல்லிசான கிடாவாகப் பார்க்க வேண்டும். உங்கள் அத்தை அதைக் குக்கரில் எவ்வளவு நேரம் வைத்தால் கரையும் என்று கண்டுபிடிக்க வேண்டும், வேகவைக்கிற நேரத்துக்குச் சுடலை கணக்கு வைக்கவில்லை. கோமதிசங்கர் சும்மா இருக்க வேண்டும். இரண்டாவது ஊசி என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

கோமதியம்மன் உங்கள் இருவருக்கும் நல்ல பசியும் கடைசிவரை நல்ல பல்லும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத மாமனார்,
மருதப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கொட்டாவி வந்தது. கையால் தாடையைத் தாங்கிப் பிடிக்காமல் நான் கொட்டாவி விட்டு வருஷக்கணக்கு ஆகிறது. இன்று வாய் தானாக முழுசாகத் திறந்தது. வலியே இல்லை. நம்பாமல் இன்னொன்று விட்டேன். "ஈ போயிரும், மூடுங்க" என்று உங்கள் அத்தை சிரித்தாள். நான் மூடவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். மருந்து இறங்குவதற்குள் அடுத்த ஊசிக்கு டாக்டரம்மாவிடம் நாள் வாங்கி வையுங்கள். தலையைக் கோமதிசங்கரே தின்னட்டும். ஆனால் அவன் இலையில் அதை வைப்பது என் கையாக இருக்க வேண்டும். மருதப்பன் இழந்தான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது, கொடுத்தான் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் சொல்கிறார்களா என்று நீங்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.